சங்கு ஊதாத ஞாயிறு

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு ஊருக்குக் கடுதாசி எழுதியதுதான் பழக்கம். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லியிருப்பேன், சில விஷயம் மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டில் ஒரு விவாதம். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு சர்க்கார் பணம் செலவு செய்யலாமா, கூடாதா என்று எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழகாதவள். காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்த விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நிஜாம் ராஜ்யம் இருந்த காலம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி செகந்திராபாத் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறையைத் தாண்டி தார்நாகா போகிற பாதையில் எங்கள் வீடு. அந்தப் பக்கம் அப்போது பாறையும் சீத்தாப்பழப் புதரும்தான். மாமனார் அதே பட்டறையில் உழைத்துக் கட்டிய வீடு அது. கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே அவர் போய்விட்டார். வீட்டின் பின்பக்கம் தனி வாசலோடு ஒரு அறை இருந்தது. மாமியார் அதற்குக் குடித்தனக்காரர் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகல் திரை கட்டிய குதிரை டாங்கா ஒன்று வாசலில் நின்றது. முதலில் பர்தா போட்ட ஒரு பெரிய வீட்டு அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால், முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஒரு துணி மூட்டையோடு இறங்கினாள். பர்தா அம்மாவை நாங்கள் பிறகு பேகம் சாப் என்றே கூப்பிட்டோம். ஜெயிலிலிருந்து விடுதலையாகிற பெண்களுக்கு இடம் பார்த்து, வேலை பார்த்து வைக்க சர்க்கார் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருந்தது. அந்தப் பணம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது பேகம் சாபின் பொறுப்பு.

அவர் எதையும் மறைக்கவில்லை. முதல் பேச்சிலேயே, "இந்தப் பெண் ஜெயிலிலிருந்து வருகிறாள். இதற்கு முன் நாலைந்து வீட்டில் கேட்டேன், கதவைச் சாத்திவிட்டார்கள். நீங்களும் சாத்துவதானால் இப்போதே சாத்திவிடுங்கள், வெயிலாக இருக்கிறது" என்று உருதுவில் சொன்னார். என் மாமியாருக்கு உருது அரைகுறைதான். ஆனால் தெரியவில்லை என்று பேசாமல் இருக்கிறவர் இல்லை.

மாமியார் அந்தப் பெண்ணைப் பார்த்து, "தமிழா நீ?" என்றார்.

"ஆமாக்கா. ஆம்பூர்ப் பக்கம். ரோடு போடற வேலைக்கு வந்தோம்."

"இன்னா செஞ்சே?"

"மூத்தார், புருஷனோட அண்ணன், அவன் கையை அரிவாமணையால வெட்டிட்டேன். புருஷன் செத்தப்புறம் என் பொண்ணைத் தூக்கினு போயி யாருக்கோ குடுக்கப் பார்த்தான்."

"கை இருக்குதா, போச்சா?"

"இருக்குதுக்கா. ரெண்டு விரல் மடங்காதாம்."

மாமியார் "ம்" என்றார். அது நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை.

அப்போது பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதிற்று. புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். இந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். வந்ததிலிருந்து அவள் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

"இது தினம் ஊதுமாக்கா?"

"ஹவ், ஆமா. காலைல, மத்தியானம், சாயங்காலம். செவிடாப் போனாத்தான் இங்க குடியிருக்கலாம். அறையை உள்ள வந்து பாரு, புடிக்குதான்னு."

"புடிச்சிருக்குது" என்றாள். அறைக்குள் அவள் இன்னும் காலே வைக்கவில்லை.

பேகம் சாப் மாமியாரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு வருஷத்துக்கு அறை வாடகை சர்க்கார் கொடுக்கும். ஜெயிலில் அவள் நவார் நெய்யக் கற்றிருந்தாள், கட்டிலுக்குப் பின்னுகிற அகல நாடாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதை நெய்ய ஒரு மரச் சட்டமும் நூலும் சர்க்காரே கொடுக்கும். அவளுடைய பெண் குழந்தை அனாதை விடுதியில் இருந்தது. அம்மா ஜெயிலுக்குப் போனபோது மூன்று வயசு, இப்போது எட்டோ ஒன்பதோ. அந்த ஒரு வருஷத்துக்குள், அவள் தன்னால் தனியாக ஒரு வீட்டை நடத்த முடியும் என்று காட்டினால் குழந்தையைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் குழந்தை விடுதியிலேயே வளரும். காட்ட வேண்டியது அவள், பார்த்து சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது பேகம் சாப்.

எதிர்வீட்டு ரயில்வே கார்டின் சம்சாரத்துக்கு இது பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே தெருவில் நின்று, "நாங்க எல்லாம் ஒழுங்கா இருக்கோம், எங்களுக்கு எந்த சர்க்காரு வாடகை குடுக்குது? அரிவாமணையைத் தூக்கினாத்தான் குடுக்குமோ?" என்றார்.

"தூக்கிப் பாரேன்" என்றார் என் மாமியார். "உன் வீட்டுக்காரர் கையை ரெண்டையும் நீட்டச் சொல்லி நான் புடிச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு கார்டு சம்சாரம் எங்கள் வீட்டுப் பக்கம் நின்று பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமாகத்தான் எனக்கும் பட்டது. பதில் எனக்கு மெதுமெதுவாகத்தான் கிடைத்தது. அந்தப் பணம் பெரிய பணம் இல்லை, ஆனால் யாரோ உட்கார்ந்து யோசித்துக் கொடுத்த பணம். வெறும் கையில் காசைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவள் முதல் வாரமே ஸ்டேஷனில்தான் படுத்திருப்பாள். தங்க இடம், கைக்கு வேலை, அப்புறம் வந்து எட்டிப் பார்க்க ஒரு மனுஷி என்று சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இதை நினைத்து இப்போதும் ஆச்சரியப்படுகிறேன்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். காலைச் சங்கு ஊதினால் எழுந்திருப்பாள். மத்தியானச் சங்குக்கு சட்டத்தைவிட்டு இறங்கி அடுப்பைப் பற்றவைப்பாள். சாயங்காலச் சங்குக்குக் கதவைச் சாத்துவாள். நடுவில் நவார் ஒரே அகலமாக, ஓரம் பிசகாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் பட்டாளத்துக் கட்டிலுக்கும் வண்டி வந்து எடுத்துப் போகும். தெருக்காரர்கள் அவளுக்கு நவார்க்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெயில்காரி என்ற பெயர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு நாள் நான் அவளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் பேசாத நான் அவளிடம் மட்டும் கொஞ்சம் பேசுவேன். "இந்தச் சங்குக்காகவா இந்த அறை புடிச்சிருந்தது?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா. உள்ள தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்கும். அதை அடிச்சா எழுந்திருக்கணும், அடிச்சா துன்னணும். அடிக்கிறதுக்கு முன்ன தட்டுல கை வெச்சா தட்டைப் புடுங்கிடுவாங்க. வெளிய வந்தன்னிக்கு யாரும் ஒண்ணும் அடிக்கலை. எப்ப துன்றதுன்னே தெரியலை. இந்தச் சங்கு கேட்டதும் அப்பாடான்னு இருந்துச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பேகம் சாப் நடுநடுவே சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார். எல்லாம் சரியாக இருக்கும். குழந்தையைப் பற்றிக் கேட்டால் "இன்னும் கொஞ்ச நாள்" என்பார், முகத்தில் சந்தோஷம் தெரியும்.

பிறகு யுத்தம் முடிந்தது. பட்டறையில் எல்லாருக்கும் கொண்டாட்டம், ஏனென்றால் யுத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட பட்டறை ஓடிற்று, இனிமேல் ஞாயிறு லீவு என்றார்கள். முதல் ஞாயிறு என் வீட்டுக்காரர் வெயில் ஏறும்வரை தூங்கினார். மாமியார் பருப்பு ஊறப்போட்டுவிட்டு யாரோடோ கதை பேசப் போனார். தெருவே சோம்பலாக இருந்தது. பின்பக்கத்து அறையில் புகை வரவில்லை என்று யாரும் கவனிக்கவில்லை.

நிஜாம் சர்க்கார் ஆபீஸுகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள். அன்றைக்கென்று பார்த்து உச்சி வேளையில் பேகம் சாப் வந்து நின்றார்.

நான்தான் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனேன். நவார்க்காரம்மா குளித்து, தலை வாரி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் விறகு அடுக்கியிருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி. பானையில் கழுவிய அரிசி. எல்லாம் எடுத்து வைத்திருந்தது, பற்றவைக்கவில்லை. சட்டத்தில் நவாரும் ஒரு விரல்கூட ஏறவில்லை.

"சாப்பிட்டாயா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கைக்கு?" ஏன் என்று கேட்டார் பேகம் சாப்.

"போங்கா நை பஜா" என்றாள். சங்கு ஊதவில்லை.

பேகம் சாபுக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கினாள். விடிந்ததிலிருந்து இப்போது ஊதும், இப்போது ஊதும் என்று உட்கார்ந்திருக்கிறாள். பசிக்கிறது. ஆனால் தீப்பெட்டியை எடுக்கக் கை எழவில்லை. இன்றைக்கு லீவு என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. தெரிந்தும் எழவில்லை.

பேகம் சாப் அந்தக் கட்டிலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "உன் பெண் இன்றைக்கு இங்கே இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

இதற்குள் சேதி கேட்டு மாமியார் ஓடி வந்தார். "இது ஒரு பெரிய விஷயமா பேகம் சாப்! வர ஞாயித்துக்கிழமையிலேருந்து நான் தட்டைத் தட்டறேன். ஏ பொண்ணே, இன்னா பாத்துக்கினு கீறே, அடுப்பைப் பத்த வெய்யி!"

சொன்ன மறு நொடி அவள் எழுந்து தீக்குச்சியைக் கிழித்தாள்.

"பார்த்தீர்களா?" என்றார் பேகம் சாப். "சொன்னதும் செய்கிறாள். நீங்கள் ஊருக்குப் போனால் யார் சொல்வார்கள்?"

"மருமவ இருக்கறா."

"அவளும் போனால்? வருஷம் முடிந்தால் நானும் வரமாட்டேன், சர்க்கார் பணமும் வராது. அந்தக் குழந்தை யாரை நம்பிச் சாப்பிடும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் சில வாரம் பார்க்கிறேன், அதற்கு மேல் என்னால் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டு டாங்கா ஏறினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "வேணும்னா ஞாயித்துக்கிழமை நானே போயி சங்கை ஊதிட்டு வரேன், வேலையை விட்டு அனுப்பிச்சா நானும் பின்ரூமுல நவார் பின்னறேன்" என்றார். மாமியார் சிரிக்கவில்லை. மறுநாளே மாமியார் ஞாயிறுக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று பித்தளைத் தட்டும் கரண்டியுமாகக் கிளம்பியபோது நவார்க்காரம்மாதான் தடுத்தாள்.

"தட்டு வேணாங்க்கா. அதுவும் மணிதான். பேகம் சாப் சொல்றது சரிதான்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "பாப்பா, ஞாயித்துக்கிழமை உன் புள்ளையை என்கிட்ட வுடறியா?"

என் பையனுக்கு அப்போது ஒன்றரை வயசு. நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்குடி?" என்றார் மாமியார்.

"இவன் சங்குக்குக் காத்திருக்க மாட்டான். பசிச்சா கத்துவான்."

"அப்ப அதுவும் மணிதானே?"

"இல்லக்கா. மணி அடிச்சா நான் துன்னணும். இவன் கத்தினா நான் குடுக்கணும். அது வேற." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் யோசித்து, "வேறயாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன்" என்றாள்.

நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். உள்ளே வந்ததும், "அத்தை, அரிவாமணை..." என்று இழுத்தேன்.

"அரிவாமணையை எதுக்குத் தூக்கினா? கொழந்தைக்காகத்தானே? அப்ப உன் புள்ளைக்கு அந்த அறையைவிடப் பத்திரமான எடம் இந்த ஊர்லயே கெடையாது. கொண்டு போயி வுடு" என்றார். விட்டேன்.

பிள்ளையை விட்ட முதல் ஞாயிறு நான் கிணற்றடியிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். பையன் கொஞ்ச நேரம் நூல் உருண்டையோடு விளையாடினான். அப்புறம் சிணுங்கினான். அப்புறம் ஊரைக் கூட்டினான். உள்ளே ஓடலாமா என்று என் கால் துடித்தது. மாமியார் தூரத்திலிருந்தே கண்ணால் அதட்டினார். அழுகை நிற்கவே இல்லை. பிறகு தீக்குச்சி கிழிக்கிற சத்தம். ஒன்று அணைந்து, இன்னொன்று. கூரை ஓட்டின் வழியாகப் புகை வந்தது. அன்று அவள் வைத்த கஞ்சி அடிபிடித்திருந்தது. என் பிள்ளை அதையும் வழித்துச் சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் சிணுங்கும்போதே புகை வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு அவன் அழவே இல்லை. "பசிக்குதாடா ராஜா?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. என் பிள்ளை எப்போது கேட்டாலும் ஆமாம் என்கிற ஜாதி. "ஞாயித்துக்கிழமை ஆனா இவன் பானை மாதிரி வயித்தோட திரும்பி வரான்" என்று மாமியார் அலுத்துக்கொண்டார். ஆனால் நான் இன்னொன்றைக் கவனித்தேன். முதல் இரண்டு ஞாயிறும் அவள் அவனுக்கு ஊட்டினாளே தவிர, தான் சாயங்காலம்வரை சாப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு கழுவப் போட்ட தட்டு இரண்டு இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பழக்கத்தை உடம்பிலிருந்து தானே பிடுங்குவது என்றால் என்ன கஷ்டம் என்று புகையிலை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். அவள் வாய்விட்டு ஒரு வார்த்தை புலம்பியதில்லை.

பேகம் சாப் மறுபடியும் ஒரு ஞாயிறாகப் பார்த்துத்தான் வந்தார். இந்தத் தடவை வேண்டுமென்றே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். உச்சி வேளை ஆகவில்லை. என் பையன் அவள் மடியில். எதிரே அவள் தட்டில் சோறும் ரசமும். வந்தவரைப் பார்த்து அவள் எழுந்திருக்கப் போனாள்.

"உட்கார். யார் சாப்பிடச் சொன்னார்கள்?" என்று கேட்டார் பேகம் சாப்.

"யாரும் சொல்லலை. பசிச்சுது."

பேகம் சாப் பையனைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. பாதி காலியாகியிருந்த அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்திரையை விலக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் போடு" என்றார். அவ்வளவு பெரிய வீட்டு அம்மா எங்கள் பின்பக்கத்து அறையில் ரசம் சோறு சாப்பிட்டதை நான் பார்த்தேன். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார்.

கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பேகம் சாபே குழந்தையை அழைத்துவந்தார். ஒட்ட வெட்டிய தலை, விடுதிக் கவுன். ஆறு வருஷத்தில் தமிழ் மறந்துபோய்விட்டது, சொன்னால் புரியும், பதில் உருதுவில்தான் வரும். அம்மாவை பாடம் சொல்லிக்கொடுக்கிற யாரோ ஒரு உஸ்தானியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தது.

மறுநாள் ஞாயிறு. நான் தண்ணீர் சேந்தப் பின்பக்கம் போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. குழந்தை எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தி, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டு. கை இரண்டும் மடியில். அம்மா தட்டில் சுடச்சுட உப்புமா வைத்தாள். அது தொடவில்லை.

"சாப்புடு கண்ணு."

குழந்தை வாசல் பக்கம் பார்த்து, "கண்டீ நை பஜீ" என்றது. மணி அடிக்கவில்லையாம்.

எனக்குக் கயிறு கையிலேயே நின்றது. விடுதியிலும் மணிதான் என்று நாங்கள் யாரும், பேகம் சாப்கூட, நினைத்துப் பார்க்கவில்லை.

நவார்க்காரம்மா பதறவில்லை. சாப்பிடு என்று மறுபடி சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை உடனே சாப்பிட்டிருக்கும். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். "இங்க மணி நக்கோ, வேணாம். பசிக்குதான்னு நீயே பாத்து எனக்குச் சொல்லு. நான் குந்திக்கினு இருக்கேன்" என்றாள்.

உப்புமாவில் ஆவி அடங்கிற்று. அப்படியும் அவள் அவசரப்படுத்தவில்லை. குழந்தை தட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. கடைசியில், யாராவது அதட்டுவார்களோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பூக் லகீ" என்று மெல்லச் சொன்னது. பசிக்கிறது.

"அவ்வளவுதான்" என்றாள் அவள். "எடுத்துக்கோ."

வருஷம் முடிந்து சர்க்கார் பணம் நின்ற பிறகும் அவர்கள் எங்கள் அறையிலேயே இருந்தார்கள், வாடகையை அவளே கொடுத்தாள். ராஜ்யம் மாறிய கலவர நாட்களில் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஊரிலிருந்து ஒரு தடவை எங்கள் வீட்டுக் கட்டில்களுக்கெல்லாம் நவார் அனுப்பியிருந்தாள். அந்தக் கட்டிலில்தான் என் மற்றப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

அந்தப் பணம் முழுக்க சர்க்கார் கஜானாவிலிருந்து வந்ததா, பெரிய வீட்டு அம்மாக்கள் சேர்த்ததும் அதில் கலந்திருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வருஷக் கணக்கும் முன்பின் இருக்கலாம். யுத்த காலத்தில் பட்டறை எல்லா ஞாயிறும் ஓடிற்றா, சில ஞாயிறு மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. பழைய விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.